வெள்ளிக்கிழமை வண்டி (14): பாயிண்டில் ஒரு தாள்

பெயின்ட் காய்ந்த டேங்கைப் போன வெள்ளிக்கிழமை மாட்டியாகிவிட்டது. இந்த வெள்ளி வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும்.

தோஹாவிலிருந்து இர்ஷாத் அப்படித்தான் சொல்லியிருந்தான். "அடுத்த வெள்ளி பெட்ரோல் ஊத்துதோம், மிதிக்கோம், எடுக்கோம்." அவன் எல்லாவற்றையும் பன்மையில்தான் சொல்வான். மிதிக்கப்போகிற கால் மட்டும் அவன் மனைவி நஸ்ரின் பானுவுடையது.

அவன் விமானம் ஏறி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. நிக்காஹ் முடிந்த எட்டாவது மாதம் கிளம்பினான். சங்கரன்கோவில் வீட்டில் அவன் விட்டுப்போனது அம்மா சுபைதா பேகத்தையும் நஸ்ரினையும் ஐந்து சாக்கில் கட்டிய ஒரு பழைய யெஸ்டி பைக்கையும். சிவகிரியில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால், இரும்புச் சட்டத்துக்கு நடுவே வேப்பங்கன்று முளைத்துக் கிடந்த வண்டி. கன்றைப் பிடுங்கிவிட்டு வாங்கி வந்தான். அதைத் தன் மனதில் இருக்கிற மாதிரி செய்து முடிக்க வேண்டும் என்று நோட்டில் படம் வரைந்து வைத்திருந்தான். படத்தில் முதலில் ஒற்றை சீட்தான். கல்யாணமான மறுவாரம் அதை அடித்துவிட்டு இரட்டை சீட் போட்டான்.

"வண்டி முடிஞ்ச அன்னைக்கே லீவுக்கு எழுதிக் குடுத்துருவேன். குத்தாலத்துக்கு அதுலதான் போறோம்" என்று ஏர்போர்ட் வாசலில் சொன்னான்.

யார் முடிப்பது? அங்கேதான் சிக்கல்.

மகன் இல்லாத வீட்டில் அந்நிய ஆம்பளை கேட்டைத் தாண்டி வரக் கூடாது. இது சுபைதா பேகத்தின் சட்டம். வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினால் நம் நட்டு போல்ட் ஒன்றுகூடத் திரும்பி வராது. இது இர்ஷாதின் சட்டம். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மிச்சமிருந்தது பி.எஸ்சி. இயற்பியல்.

நஸ்ரின் புளியங்குடிக்காரி. எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற யாகூபின் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அண்ணன் சாதிக்கின் பைக்கை எலுமிச்சைத் தோப்புகளுக்கு நடுவே ஓட்டிப் பழகி, லைசென்ஸும் எடுத்தவள். பட்டமும் லைசென்ஸும் இப்போது பீரோவில் ஒரே கவரில் இருக்கின்றன.

"பி.எட். சேரட்டா மாமி?"

"அவன் வரட்டும்."

"ஸ்கூல்ல ஆள் எடுக்காகளாம் மாமி."

"அவன் வரட்டும்ட்டி."

எல்லாமே அவன் வந்த பிறகுதான். பிள்ளை ஏன் இல்லை என்று கேட்க மட்டும் யாரும் அவன் வரும்வரை காத்திருப்பதில்லை. அதை இவளிடமே கேட்டுவிடுகிறார்கள். புருஷன் தோஹாவில் இருக்கும்போது பிள்ளை எப்படி வரும் என்று திருப்பிக் கேட்டால் வாய்க்காரி என்கிறார்கள்.

ஆகவே பதினான்கு மாதமாக, ஒவ்வொரு வெள்ளியும் மாலை நான்கு மணிக்கு வீடியோ கால். அங்கே ஜும்மா முடிந்து அவன் அறைக்குத் திரும்பும் நேரம் அது. இவள் அவனுடைய பழைய நீலக் கட்டம் போட்ட சட்டையைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொள்வாள். சட்டையில் அவன் வாசம் போய் வெகுநாள் ஆகிறது. இப்போது பெட்ரோல் வாசம்தான்.

போன் கேமரா வண்டியைப் பார்த்தே இருக்கும். பதினான்கு மாதத்தில் இர்ஷாத் அவள் முகத்தைவிட அவள் விரல்களைத்தான் அதிகம் பார்த்திருப்பான்.

மற்ற நாட்களில் பேச்சு ஐந்து நிமிடம். சாப்ட்டியா, அம்மா மாத்திரை போட்டாளா, சரி. ஆனால் வெள்ளிக்கிழமை அவன் குரல் இறங்கிவிடும். "மெதுவா... இன்னும் கால் சுத்து... அவ்வளவுதான்... விட்டுரு." நட்டு இறுக்கும்போது பேசுகிற அந்தக் குரலில் அவன் வேறு எதையும் பேசியதில்லை. அந்தக் குரலுக்காக அவள் எத்தனை நட்டு வேண்டுமானாலும் இறுக்குவாள்.

இப்படித்தான் ஒரு வண்டி முழுதாக வளர்ந்து முற்றத்தில் நிற்கிறது. கறுப்பு டேங்க், தங்கக் கோடு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர்.

அது நேற்றே ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பது நஸ்ரினைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.

*

"தங்கச்சி! வண்டிக்கு ஆயில் கொண்டாந்திருக்கேன்."

பதினோரு மணிக்குக் கேட்டுக்கு வெளியே குரல் கேட்டது. அடுத்த தெரு மெக்கானிக் இசக்கிப்பாண்டி. பதினான்கு மாதமாக இந்த வண்டிக்கு யோசனை சொல்கிறார். எல்லாம் தெருவில் நின்றபடி, காம்பவுண்ட் சுவருக்கு மேலே தலையை நீட்டித்தான்.

அடுப்படியிலிருந்து சுபைதா பேகம் சத்தம் போட்டாள். "அங்கனயே நில்லு இசக்கி. உள்ள வந்துராத."

"பதினாலு மாசமா நின்னுக்கிட்டுதானம்மா இருக்கேன். ஒரு நாற்காலியாவது போடச் சொல்லுங்க. கால் வீங்கிட்டு."

"நாற்காலி போட்டா நீ டீ கேப்ப."

"டீ குடுத்தா பிஸ்கட் கேப்பேன். அது உள்ளதுதான்."

நஸ்ரின் சுவர் வழியாக ஆயில் டப்பாவை வாங்கினாள். இசக்கிப்பாண்டி குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து காலைல பத்து மணிக்கு ஒரு சத்தம் கேட்டேன் தங்கச்சி. யெஸ்டி சத்தம்."

"தறிச் சத்தமா இருக்கும் அண்ணாச்சி."

"தறி எப்பம் தங்கச்சி பொகை விட்டுச்சு? இந்தச் சுவருக்கு மேல பொகை போச்சே."

"என்னலே பொகை?" சுபைதா பேகம் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

நஸ்ரின் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இசக்கிப்பாண்டிக்கு மூன்று அக்கா உண்டு. பெண்கள் அப்படிப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

"ஒண்ணுமில்லம்மா. இருபது வருசம் சைலன்சர் பக்கத்துல உக்காந்தா காது என்னத்துக்கு ஆவும்? இல்லாத சத்தம்லாம் கேக்கு." கிளம்பும்போது இவளிடம் மட்டும், "நாலு மணிக்கு இங்கனதான் நிப்பேன். அது எடுக்கதக் கண்ணால பாத்துரணும்" என்றார்.

நேற்று மாமி கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை அவன் முன்னால் தடுமாறக் கூடாது என்று நஸ்ரின் ஒருமுறை ஒத்திகை பார்த்தாள். மூன்றாவது மிதியில் வண்டி எடுத்துக்கொண்டது. முற்றம் முழுக்க நீலப் புகை. அவள் குதித்திருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். அவனுக்குப் போன் போட்டிருக்க வேண்டும்.

சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து மாதமாகவே லீவைப் பற்றிக் கேட்டால் அவன் பேச்சு மாறுகிறது. "மொதல்ல வண்டி முடியட்டும்" என்கிறான். முடியாத வண்டி நிற்கும்வரை அவன் வராததற்குக் காரணம் வண்டி. முடிந்த பிறகும் அவன் வராவிட்டால்? அப்போது காரணம் யார்? அதோடு வெள்ளிக்கிழமையும் போய்விடும். நான்கு மணிக்கு அந்தக் குரலில் அவன் எதைப் பார்த்துப் பேசுவான்?

எழுந்து போய் வண்டியின் வலது பக்க மூடியைக் கழற்றினாள். அதற்குள் இரண்டு சின்ன உலோக முனைகள். பாயிண்ட் என்பார்கள். அவை தொட்டுத் தொட்டு விலகினால்தான் ப்ளக்கில் பொறி பறக்கும். தினசரிக் காலண்டரில் வியாழக்கிழமைத் தாளைக் கிழித்து, மடித்து, அந்த இரண்டு முனைக்கும் நடுவில் செருகினாள். மூடியைத் திரும்ப மாட்டினாள்.

இனி வருஷக்கணக்கில் மிதித்தாலும் அது எடுக்காது. இயற்பியல் படித்தவள் செய்த வேலை.

ஒரே ஒரு ஆபத்து. "கரண்ட் வரலைன்னா மொதல்ல பாயிண்டப் பாரு. மத்ததெல்லாம் அப்புறம்" என்று அவளுக்குச் சொல்லித்தந்தவனே இர்ஷாத்தான். மூடியைத் திறக்கச் சொல்லுவான். ஸ்க்ரூ தலை தேய்ந்துவிட்டது, திறக்க வரவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் ஓடும். பொய்யை நான்கைந்து முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது சுபைதா பேகம் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "இன்னைக்கு எடுத்துரும்லா?"

"தெரியாது மாமி."

"இவ்வளவு படிச்சவளுக்கு இது தெரியாதா?"

"படிப்புக்கும் இதுக்கும் என்ன மாமி?"

"எடுத்துட்டா அவன் வந்துருவான்லா. அதான் கேட்டேன்."

கிண்டல் செய்கிற குரலில்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தைக்கு வரும்போது அந்தக் குரல் இல்லை. நஸ்ரின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மாமியார் மேல் கோபப்படுவதற்கு அவளிடம் நிறையக் காரணம் உண்டு. இந்த நேரத்தில் ஒன்றும் கைக்கு வரவில்லை.

*

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வ அலைக்கும் ஸலாம். வண்டியக் காட்டு."

முக்காலியில் பெயின்ட் டப்பா, அதில் சாய்த்து வைத்த போன். திரையில் இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் இர்ஷாத். தலைக்கு மேலே யாரோ காயப்போட்ட துண்டு. சுவருக்கு வெளியே தெருவில் இசக்கிப்பாண்டி. வாசல்படியில் சுபைதா பேகம்.

"பெட்ரோல் தொறந்தாச்சா?"

"ம்."

"சாவி?"

"போட்டாச்சு."

"பிஸ்மில்லா சொல்லி மிதி."

கியர் போடுகிற லிவரையே உள்ளே அமுக்கி மேலே தூக்கினால் கிக்கராகிவிடுகிற வண்டி அது. நஸ்ரின் தூக்கினாள், மிதித்தாள். மறுபடி மிதித்தாள். பத்து, பதினைந்து, இருபது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. எடுக்காது என்று தெரிந்தே மிதிப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

"நடிப்பு நல்லாருக்கு" என்கிற மாதிரி சுவருக்கு மேலே ஒரு கனைப்பு கேட்டது.

"அது கெடக்கட்டும், மூச்சு வாங்கு" என்றான் இர்ஷாத். "கையில என்ன காயம்?"

"கிளிப்பு கீறிட்டு."

"மருந்து போட்டியா?"

"பெட்ரோல் பட்டுச்சு. எரிஞ்சுச்சு. அவ்வளவுதான்."

அவன் சிரித்தான். குரல் இறங்கியது. "சரி, ப்ளக்கக் கழத்து. மெதுவா. சூடு இருக்காது, பயப்படாத. ஆங்... அப்படியே எஞ்சின் மேல படுக்க வையி. இப்பம் மிதி. பொறி பறக்கா பாரு."

இந்தக் குரல்தான். இதற்காகத்தான் ஒரு காலண்டர் தாள். அவள் தேவையில்லாமல் ப்ளக்கை இன்னொரு முறை துடைத்தாள். திரி மாதிரி அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் எரியட்டும்.

வாசல்படியிலிருந்து சுபைதா பேகம் எழுந்தாள். "அசருக்கு நேரமாச்சு. நான் தொழுதுட்டு துவா கேக்கேன். அதுக்கும் எடுக்கலன்னா இரும்புக் கடையில போட்டுருங்க." உள்ளே போனாள்.

நஸ்ரின் மிதித்தாள். ப்ளக் முனை இருட்டாகவே இருந்தது.

"பொறி இல்ல" என்றாள்.

காத்திருந்தாள். அடுத்து அவன் சொல்ல வேண்டியது இரண்டே சொல். பாயிண்டப் பாரு. பொய் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

இர்ஷாத் தலையைச் சொறிந்தான். துண்டைப் பார்த்தான். "ம்... சரி விடு. இன்னைக்கு இவ்வளவு போதும். அடுத்த வெள்ளி பாப்போம்" என்றான்.

சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டான்.

அந்த மூச்சை நஸ்ரினுக்குத் தெரியும். நேற்று சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தபோது அவள் விட்ட மூச்சு.

"பாயிண்டப் பாக்க வேண்டாமா மச்சான்?"

"அது... காயில் போயிருக்கும். புதுசு தேடணும். மதுரையில சொல்லி வச்சா ஒரு மாசத்துல வந்துரும்."

"காயில் நோம்புக்கு முன்னாடிதான மாத்துனோம்?"

"அப்பம் வயரிங்கா இருக்கும். பிரிச்சு மொதல்ல இருந்து..."

"கரண்ட் வரலைன்னா மொதல்ல எதப் பாக்கணும்? நீங்கதான சொல்லித்தந்தீக?"

அவன் மறுபடி தலைக்கு மேலே தொங்கிய துண்டைப் பார்த்தான்.

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். மூன்று ஸ்க்ரூ. மூடி கையோடு வந்தது. இரண்டு விரலால் தாளை உருவி, கேமராவுக்கு நேரே பிடித்தாள். வியாழக்கிழமை. ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்டிருந்தது.

"இது யாரு வச்சது?"

"நான்தான். வண்டி நேத்தே எடுத்துட்டு. மூணாவது மிதியில."

மாஷா அல்லாஹ் என்று அவன் சொல்லவில்லை. "நேத்தேவா?" என்றான். கெட்ட செய்தி கேட்டவன் கேட்கிற மாதிரி.

"ஏன் வச்சேன்னு நானே சொல்லிருதேன். வண்டி முடிஞ்சிட்டா வெள்ளிக்கிழமை என்கிட்ட இப்படிப் பேச மாட்டீகன்னு பயம். அசிங்கம்தான். ஆனா உள்ளது அதுதான். நீங்க ஏன் பாயிண்டக் கேக்கல? அத மட்டும் சொல்லுங்க."

"நஸ்ரி..."

"சொல்லுங்க."

"நோம்புல ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன். இன்னும் ரெண்டு வருசம். நடுவுல லீவு கெடையாது."

தெருவின் தறிச் சத்தம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. நஸ்ரின் தாளை மடித்தாள். இன்னும் சின்னதாக மடித்தாள்.

"என்னைய ஃபோர்மேன் ஆக்கிட்டாக ஒர்க்ஷாப்புல. இருவத்தஞ்சு பேரு என் கையில. லீவுல போன ரெண்டு பேர திரும்பக் கூப்பிடல. ஊருக்கு வந்தா நான் யாருட்டி? சொல்லு. இசக்கி அண்ணாச்சிக்கு எதுத்தாப்புல இன்னொரு பட்டறை. அவ்வளவுதான?"

"அஞ்சு மாசமா சொல்லல."

"சொல்ல வரல."

"சீட்ட மூணு தடவ பிரிச்சுத் தைக்கச் சொன்னீக. ஹேண்டில்பார மாத்தச் சொன்னீக. மாத்துனத மறுபடி மாத்தச் சொன்னீக. அதெல்லாம் வண்டிக்கு இல்லயா?"

"முடியக் கூடாதுன்னுதான்." அவன் கட்டிலில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "முடிஞ்சா நீ கேப்ப. நான் சொல்லணும். சொன்னா நீ பேச மாட்ட. இங்கன எனக்கு ஏழு நாளுல ஒரு நாளுதான் நாளு. எனக்கும் அந்த வெள்ளிக்கிழமை வேணும்ட்டி."

கோபத்தோடு இருக்கிறவளிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. அவன் பொய் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊருக்கு வந்தா நீங்க யாருன்னு கேக்கீக" என்றாள். "ரெண்டு வருசம் நாலு மாசமா இந்த வீட்டுல நான் யாருன்னு கேட்டீகளா? ஒரு தடவ? என் கையக் கேட்டீக, அதுல இருக்க ஸ்பேனரக் கேட்டீக. பதினாலு மாசம் நானும் உங்க குரலுக்கு ஆசப்பட்டு நட்டு முடுக்கிக்கிட்டு இருந்தேன். என்னயச் செருப்பால அடிக்கணும்."

"அப்படிலாம் பேசாத."

"வெள்ளிக்கிழமை மட்டும் இருக்க புருசன் எனக்கு வேண்டாம் மச்சான்."

மூடியை மாட்டினாள். ப்ளக்கை முடுக்கினாள். அவன் சொல்லிக்கொடுக்காமலே கை தானாகச் செய்தது. லிவரை அமுக்கித் தூக்கினாள்.

"நஸ்ரி, வேண்டாம். பேசிட்டு மிதி. நஸ்ரி..."

ஒரே மிதி.

வண்டி எடுத்துக்கொண்டது. இரண்டு சைலன்சரும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. கொடியில் கிடந்த துணியெல்லாம் புகைக்குள் மறைந்தது. சுவருக்கு மேலே இசக்கிப்பாண்டி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "எடுத்துட்டுலே! எடுத்துட்டு!" என்று யாரும் இல்லாத தெருவுக்குச் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தொழுத முக்காடோடு சுபைதா பேகம் வாசலுக்கு ஓடி வந்தாள்.

நஸ்ரின் போனை எடுத்தாள். இந்த முறை கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். வியர்வை, கிரீஸ் கறை, கலைந்த முடி எல்லாவற்றோடும்.

"என்னயப் பாருங்க!" சத்தத்துக்கு மேலே கத்தினாள். "வண்டி முடிஞ்சிட்டு! எப்ப வாரீக?"

அவன் பார்த்தான். திரைக்கு மிகப் பக்கத்தில் வந்து, கண் இமைக்காமல் பார்த்தான். எட்டு மாதம் கூடவே இருந்தபோதுகூட அவன் அப்படிப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

அவன் உதடு அசைந்தது. ஒரு சொல்தான். எஞ்சின் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

திரை கறுத்தது. அவன் துண்டித்தானா, நெட் போய்விட்டதா, தெரியவில்லை.

"வாரேன்னுட்டான்!" தோளுக்குப் பின்னாலிருந்து சுபைதா பேகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாத்தேன்ட்டி. வாயப் பாத்தேன். வாரேன்னுதான் சொன்னான் என் மவன்!"

நஸ்ரினும் அதைத்தான் பார்த்தாள். வாரேன்.

ஆனால் இந்த ஊரில் யாரும் போறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. கடைக்குப் போகிறவனும் வாரேன் என்பான். போனை வைக்கிறவனும் வாரேன் என்பான். இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால், பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி இர்ஷாத் கடைசியாகச் சொன்ன சொல்லும் அதுதான்.

"வாரேன்னுதான சொன்னான்? நீயும் பாத்தல்லா?"

இரண்டு வருடக் கையெழுத்தைச் சுபைதா பேகம் கேட்கவில்லை. அப்போது அவள் தொழுகையில் இருந்தாள். மகன் வரவேண்டும் என்றுதான் கேட்டிருப்பாள். முகம் முழுக்க அதுதான் இருந்தது.

"அப்படித்தான் சொன்னாக மாமி" என்றாள் நஸ்ரின். பொய் இல்லை.

அவ்வளவு போதுமாக இருந்தது. சுபைதா பேகம் முக்காட்டு நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சின்ன போனைக் காதில் வைத்துக் கத்த ஆரம்பித்தாள். "சண்முகையாவா? வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்ப்பா. நாளைக்கே வந்துரு. மவன் வாரான். ஆமா, லீவுல. எத்தன நாளா? அவன் வந்தா அவ்வளவு லேசுல விட்டுருவனா?" எதிர்வீட்டு ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.

நஸ்ரின் இர்ஷாதுக்குத் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பேருக்குக் கீழே ஆடியோ பதிவு செய்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது.

பிறகு வந்தே விட்டது. நான்கு விநாடி ஆடியோ.

வாரேன் என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

"அவன்தான? தேதி சொல்லியிருப்பான். போடுட்டி, நானும் கேக்கேன்." சுபைதா பேகம் நெருங்கி வந்தாள். "மொதல்ல இந்தச் சத்தத்த அமத்து."

நஸ்ரின் சத்தத்தை அமர்த்தவில்லை. போனை இர்ஷாதின் சட்டைப் பையில் போட்டாள். ஸ்டாண்டைத் தள்ளினாள். ஏறி உட்கார்ந்தாள். பின் சீட் காலியாக இருந்தது.

"எங்கட்டி போற? இந்தக் கோலத்தோடயா? ஏட்டி நஸ்ரினு!"

இசக்கிப்பாண்டி வெளியிலிருந்து கேட்டை இழுத்துத் திறந்தார். "தங்கச்சி, பிரேக் நல்லாப் பிடிக்கான்னு பாத்தியா?"

"பாத்துட்டேன் அண்ணாச்சி."

கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டாள். தெரு கழுகுமலை ரோடுவரை நேராகக் கிடந்தது. சுபைதா பேகம் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தாள். அந்தக் கையை நஸ்ரின் மெதுவாக எடுத்துவிட்டாள்.

"வாரேன் மாமி" என்றாள்.